பாட்டு வாழ்ந்தது, பாவலர் மறைந்தார்: ஸ்டீபன் பொஸ்டரும் ஆதி இசைப்பதிவுகளும்

அமெரிக்கப் பாட்டிசையின் தந்தை எனப் போற்றப்படும் ஸ்டீபன் கொலின்ஸ் பொஸ்டர், 1826ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆந் திகதி, பிற்ஸ்பேர்க் நகரையடுத்த லோரன்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். அந்நாடு தன் சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடிய நாள் அது. முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1864ஆம் ஆண்டு சனவரி 13ஆந் திகதி, நியூயோர்க் நகரத்துப் பொது மருத்துவமனையொன்றில் அவர் உயிர் நீத்தார். அவருடைய பணப்பையில் எஞ்சியிருந்தது 38 சதமே. தோமஸ் எடிசன் ஒலியைப் பதியும் பொறியைக் கண்டுபிடித்தது 1877ஆம் ஆண்டிலாதலின், தம் பாட்டொன்றேனும் பொறியின் வாயிலாக ஒலிப்பதை அவர் கேட்டாரில்லை. எனினும், அப்பொறி உலகெங்கும் பரவிய காலத்தில், அதன் வழியே மீண்டும் மீண்டும் ஒலித்த பாட்டுகளுள் அவருடையனவும் இருந்தன. அப்பதிவுகள் எதனைக் காத்தன, எதனை இழக்கச் செய்தன என்பது ஆராயத்தக்கது.

பொஸ்டர் வாழ்ந்த காலத்திற் பாட்டு என்பது அச்சுத்தாளில் விற்கப்பட்ட பண்டம். பிரசுரகர்த்தர் அவருக்கு அளித்த பங்கு, விற்பனையாகும் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு சதம். அவர் பாட்டுகளை மேடையேற்றிப் புகழ்பெறச் செய்தவர்களோ, முகத்திற் கரி பூசிக் கறுப்பின மக்களைப் போல நடித்த வெள்ளையரின் மின்ஸ்ட்ரல் கூத்துக் குழுவினர். அத்தகைய குழுவொன்றின் தலைவரான கிறிஸ்டி என்பவர், 1851இல் வெளிவந்த ‘ஓல்ட் போக்ஸ் அட் ஹோம்’ என்னும் பாட்டைத் தம் பெயரால் வெளியிடும் உரிமையைப் பொஸ்டரிடமிருந்து விலைக்கு வாங்கினார். மறு ஆண்டிற் பொஸ்டர் மனம் மாறித் தம் பெயரை மீட்டுத்தருமாறு கடிதம் எழுதினார், கிறிஸ்டி இணங்கவில்லை. 1879இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்டபோதே அப்பாட்டின் தாளில் உரியவர் பெயர் ஏறியது. அப்போது அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வறுமையுற்ற பொஸ்டர் 1857இலேயே தம் பாட்டுகளின் எதிர்கால வருவாய் முழுவதையும் இரண்டாயிரம் டொலருக்கும் குறைந்த தொகைக்கு விற்றுவிட்டார் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1890களில் மெழுகு உருளைகள் விற்பனைக்கு வந்தன. ஒரு பதிவிலிருந்து ஏராளமான படிகளை எடுக்கும் முறை அப்போது செம்மையுறவில்லை. ஆகவே, பாடகர் ஒருவர் வரிசையாக வைக்கப்பட்ட பல பொறிகளின் ஊதுகுழல்களை நோக்கி, ஒரே பாட்டை நாள் முழுதும் திரும்பத் திரும்பப் பாடவேண்டியிருந்தது. உருளையின் தொடக்கத்திற் பாட்டின் பெயரும், பாடுபவர் பெயரும், நிறுவனத்தின் பெயரும் உரத்த குரலில் அறிவிக்கப்படுவது வழக்கம். இயற்றியவர் பெயருக்கு அவ்வறிவிப்பிற் பெரும்பாலும் இடமிருக்கவில்லை.

பொறியின் இயல்பும் பாட்டின் வடிவை மாற்றியது. 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வரும்வரை, ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. பித்தளை வாத்தியங்களும் பான்ஜோவும் தெளிவாகப் பதிந்தன. பியானோவின் மென்மையான ஒலி மங்கிப்போயிற்று. வீட்டு முன்றிலிலே பியானோவுடன் பாடுவதற்கென இயற்றப்பட்ட பாட்டுகள் இதனால் வாத்தியக் குழுவின் முழக்கத்தோடு ஒலிக்கலாயின.

இதனினும் பெரிய மாற்றம் காலக் குறுக்கத்தால் நேர்ந்தது. ஆதி உருளை ஒன்றில் ஏறத்தாழ இரண்டு நிமிட இசையே அடங்கும். மூன்று சரணங்கள் கொண்ட பாட்டை முதற் சரணத்தோடும் பல்லவியோடும் நிறுத்துவது எளிதான வழியாயிற்று. 1853இல் வெளிவந்த ‘மை ஓல்ட் கென்ரக்கி ஹோம்’ என்னும் பாட்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஹரியற் பீச்சர் ஸ்ரோ அம்மையாரின் ‘அங்கிள் ரொம்ஸ் கபின்’ நாவலைப் படித்த உள்ளக் கிளர்ச்சியாற் பிறந்த பாட்டு அது. அதன் இறுதிச் சரணம், கரும்புத் தோட்டங்கள் உள்ள தென்னாட்டுக்கு விற்கப்பட்ட அடிமை ஒருவன் சுமையால் தலைகுனிந்து, மரணத்தை எதிர்நோக்கி நிற்பதைக் கூறுகின்றது. அடிமையாகப் பிறந்து விடுதலை வீரராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், இத்தகைய பாட்டுகள் அடிமைகள்பால் இரக்கத்தை எழுப்புவன என்று 1855இற் பாராட்டினார். அச்சரணம் நீங்கியதும், எஞ்சியது ஊர் நினைந்து ஏங்கும் இனிய பாட்டே. கேட்போர் கண்ணீர் உகுத்தனர். ஆனால் யாருக்காக என்பதை மறந்தனர்.

பாடிய குரல்களும் பொருளை மாற்றின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேடன் நால்வர் குழு போன்ற வெள்ளையர் குழுக்களும், பின்னர் அல்மா குளுக் போன்ற இசைநாடகப் பாடகியரும் இப்பாட்டுகளைப் பதிவு செய்தனர். மறுபுறம், 1909 முதற் பதிவுகளுக்குப் பாடத் தொடங்கிய பிஸ்க் பல்கலைக்கழகத்துக் கறுப்பின நால்வர் குழுவும் ‘ஓல்ட் பிளக் ஜோ’வைப் பாடியது. பிறர் கரி பூசி எள்ளி நகையாடிய மக்கள், அப்பாட்டைத் தம் குரலிலே கண்ணியத்தோடு பாடினர். 1937இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் மில்ஸ் சகோதரரும் ‘ஓல்ட் போக்ஸ் அட் ஹோம்’ பாட்டை எடுத்துக்கொண்டபோது, பழைய ஏக்கத்தை மெல்லிய கேலியோடு அணுகினர்.

1909இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், உருளை அல்லது தட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சதம் பாட்டாசிரியருக்கு உரியது என விதித்தது. பொஸ்டர் அச்சுத்தாளுக்குப் பெற்ற அதே இரண்டு சதம்! ஆயினும், அச்சட்டம் பின்வந்த படைப்புகளுக்கே பொருந்தியது. அவருடைய புகழ்பெற்ற பாட்டுகள் எவரும் விலையின்றி எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாகிவிட்டன. 1941ஆம் ஆண்டிலே பாட்டாசிரியர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு மூண்டு, சங்கத்தாரின் பாட்டுகள் பல மாதங்கள் ஒலிபரப்பாகாதிருந்தன. அவ்வேளையில் நிலையத்தார் நாடியது பொஸ்டரின் ‘ஜீனி வித் த லைட் பிரவுன் ஹெயர்’ முதலிய பாட்டுகளையே. பாட்டாசிரியர்கள் தம் ஊதியத்துக்காகப் போராடிய காலத்தில், ஊதியமின்றி மாண்ட ஒருவரின் பாட்டே எதிர்த்தரப்பாருக்குக் கைகொடுத்தது என்பது வரலாற்றின் விந்தை.

பொஸ்டரின் பெயரை நிலைநிறுத்த முயன்றவர்களுள் இந்தியானாபொலிஸ் நகரத்து மருந்து உற்பத்தியாளரான ஜொசையா லில்லி முதன்மையானவர். அவர் தேடித் தொகுத்த அச்சுத்தாள்கள், கையெழுத்துக்கள், இசைத்தட்டுகள் யாவும் 1937இல் திறக்கப்பட்ட பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக நினைவு மண்டபத்தில் இடம்பெற்றன. 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய இசைத்தட்டுகளை இணையவழி எவரும் கேட்குமாறு திறந்துவைத்தது. பாடியவர் பெயரோடு இயற்றியவர் பெயரும் அங்கே முறையாகப் பதியப்பட்டுள்ளது. அத்தட்டுகளின் இரைச்சலுக்கிடையே இன்று பொஸ்டரைக் கேட்போர், அச்சுத்தாளையும் அருகில் வைத்துக்கொள்ளுதல் நன்று. தட்டிலே விடுபட்ட சரணம் தாளிலே இருக்கின்றது.