யாரைத் தேர்வது என்பதற்கு முன்னால், யார் தேர்வது?

பழனிக்குக் கிழக்கே ஆயக்குடிப் பக்கம், கொய்யாத் தோப்பை ஒட்டிய ஊர்களில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடக்கும். நான் படித்த காலத்தில் எங்கள் ஊர் அணிக்கு ஆள் எடுத்த விதத்தைச் சொல்லுகிறேன். ஊர்த் தெருவில் ஐந்து பேர் முதலிலேயே முடிவாகிவிடுவார்கள். எதிரணி பலமானது என்று தெரிந்தால் மட்டும், சாயங்காலம் ஒருத்தன் சைக்கிளில் வந்து சேரி முனையில் காலை ஊன்றி நின்று, "பாடிப்போற பையன் ரெண்டு பேரை அனுப்பி விடுங்கடா" என்று சத்தம் போடுவான். போவோம். பாயிண்டு எடுப்போம். கப்பை வாங்கக் கேப்டன் போவான். கேப்டன் ஊர்த் தெருவில்தான் பிறந்திருப்பான். கோட்டுக்குள்ளே எங்கள் காலைப் பிடித்து மேலே விழுந்து புரண்டவன், ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைப்பான்.

எங்கப்பா சொல்லுவார்: "அவுங்க உன் காலைத்தான்டா கூப்பிட்டாங்க. உன்னைய கூப்பிடலை."

இந்திய அணி உருவான வரலாற்றைப் படிக்கப் படிக்க, கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அந்த மனுசன் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பல்வங்கர் பாலு தோல்வேலை செய்யும் சாதியில் 1876இல் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பராமரித்தார். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து போட்டார். மட்டையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. வெள்ளையரை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் பூனா இந்துக்களுக்குப் பாலுவின் இடதுகை தேவைப்பட்டது. சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். நம் பக்கத்து டீக்கடை இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அதை எப்படித் தேர்ந்தார்கள்? மதவாரியாகப் பங்கு போட்டார்கள்: பார்சிகள் ஆறு, இந்துக்கள் ஐந்து, முஸ்லிம்கள் மூன்று. தலைவர், பத்தொன்பது வயது பாட்டியாலா மகாராஜா. அவர் சில ஆட்டங்களோடு சரி. இந்துக்களின் ஐந்து இடத்தில் பாலுவும் தம்பி சிவராமும் இருந்தார்கள். அந்தப் பயணத்தில் பாலு எடுத்த விக்கெட்டுகள் 114.

இதன் பிறகும் பம்பாய் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1920இல் முதல் ஆட்டத்துக்குப் பாலுவையே சேர்க்கவில்லை. தலைமை, மூத்தவர்களான தம்பிகள் சிவராம், விட்டல் இருவரையும் தாண்டி ஒரு பார்ப்பனருக்குப் போனது. சாதிதான் காரணம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டுத் தம்பிகள் விலகினார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் மூவரையும் திரும்ப அழைத்து, பாலுவைத் துணைத்தலைவராக்க வேண்டிவந்தது. 1923இல் விட்டல் தலைவரானார். யாரும் மனம் இரங்கிக் கொடுத்த பதவியில்லை இது. விலகி நின்று வாங்கியது.

பாலுவின் கதை இதோடு முடிந்திருந்தால் நமக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் சாரம் என்ன? நமக்கு 148 இடங்கள். முதல் சுற்றில் நாம் நால்வரை நிறுத்தலாம். கடைசியில் தேர்வது எல்லாரும் சேர்ந்து. இடம் நமக்கு, தீர்ப்பு அவர்களுக்கு. அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டது இதனால்தான். பிரதிநிதி யார் என்பதைவிட, அவரைத் தேர்வது யார் என்பதை அவர் பெரிதாக நினைத்தார். பாலுவைப் பதினைந்து வருடம் தேர்வுக் குழுக்கள் நடத்திய விதமே அதற்குச் சாட்சி.

பழைய கதை என்பீர்களா? நம் கபடிக்கு வருவோம். 1990 முதல் 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் இந்திய ஆண்கள் அணிக்கே தங்கம். 2018இல் அணித் தேர்வு முறைகேடானது என்று முன்னாள் வீரர்கள் டெல்லி உயர்நீதிமன்றம் போனார்கள். பெயரிலேயே 'அமெச்சூர்' என்று வைத்திருக்கும் அகில இந்தியச் சம்மேளனத்தில், நெடுநாள் தலைவருக்குப் பின் அவர் மனைவி தலைவராகியிருந்தார். அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. தேர்வானவர்களும் விடுபட்டவர்களும் செப்டம்பர் 15 அன்று நேருக்கு நேர் ஆடட்டும், ஓய்வுபெற்ற நீதிபதி பார்க்கட்டும் என்றும் உத்தரவிட்டது. விடுபட்டவர்கள் வந்து நின்றார்கள். தேர்வான அணி வரவில்லை. அதற்குள் ஆசிய விளையாட்டில் ஈரானிடம் தோற்று, ஆண்கள் வெண்கலத்தோடு திரும்பியிருந்தார்கள்.

"மணத்தி கணேசன் வரவில்லையா? 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம், அடுத்த வருடம் அர்ஜுனா விருது. திறமை இருந்தால் யார் தடுப்பது?" என்று கேட்கிறார்கள். வந்தார், நமக்குப் பெருமை. ஆனால் ஒருவர் வந்து சேர்ந்ததைக் காட்டி, வாசல் திறந்திருந்தது என்று சொல்லக்கூடாது. அவரோடு ஆடிய எத்தனை பேர் வழியிலேயே நின்றுபோனார்கள் என்ற கணக்கை எந்தச் சம்மேளனம் வைத்திருக்கிறது?

'அமெச்சூர்' என்றால் கூலி வாங்காமல் ஆடுவது. கூலியில்லாமல் யாரால் ஆட முடியும்? திண்டுக்கல்லில் தேர்வு என்றால் பழனிப் பக்கத்துப் பையனுக்கு பஸ் காசும் போச்சு, ஒரு நாள் கரும்பு வெட்டும் போச்சு. தேர்வு மைதானத்தில் தொடங்குவதில்லை. அவன் வீட்டு அடுப்பில் தொடங்குகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. தேர்வு எல்லார் கண்முன்னே ஆட்டமாக நடக்கட்டும். தேர்வுக்கு வருகிறவனுக்குப் பயணக் காசும் ஒரு நாள் கூலியும் கொடுக்கட்டும். யார் எத்தனை பாயிண்டு என்று சுவரில் ஒட்டட்டும். விடுபட்டவனுக்குக் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வு மேசைக்குப் பின்னால் கிடக்கிற நாற்காலிகளில் நம் ஆண்களும் பெண்களும் உட்காரட்டும். முதல் நான்கும் இருந்து இது இல்லாவிட்டால், மறுபடியும் ஒருத்தன் சைக்கிளில் வந்து சேரி முனையில்தான் நிற்பான்.

எங்கள் தெருப் பையன்கள் இப்போது தனி அணி வைத்திருக்கிறார்கள். கேப்டன் அவர்களில் ஒருத்தன். போன பொங்கலுக்கு வாங்கிய கப்பு, எங்கப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது.