பங்கிடும் கையும் எடுக்கும் கையும்

1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் போர்த்துக்கலில் இருந்த தன் நண்பர் சிமாவோ ரொட்ரிகஸுக்கு எழுதிய கடிதத்தை, சிபாரிசுக் கடிதத்தின் தலைகீழ் வடிவம் என்று சொல்லலாம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதியை அவர் முத்துக்குளித்துறையில், மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி என்று கரையோடு நடந்து கழித்திருந்தார். கடிதத்தின் வேண்டுகோள் எளியது: உங்களுக்கு வேண்டியவர் எவரையும் அரசரின் உத்தியோகத்தோடு இங்கே அனுப்ப விடாதீர்கள். அவர்களுடைய நல்ல குணத்தை நம்பியும் அனுப்ப வேண்டாம். பறித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையை எடுத்துக்கொண்டு, இங்கு வருகிறவர்கள் அதற்கு எத்தனை புதிய காலங்களும் எச்சங்களும் கண்டுபிடிக்கிறார்கள் என்று வியக்கிறார். தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியக் கேப்டன் கோஸ்மே தெ பைவாவோடு அவர் பட்ட பாடு அந்த இலக்கணப் பாடத்தின் பின்னால் இருக்கிறது.

அக்காலத்துப் போர்த்துக்கீசிய அரசில் உத்தியோகம் என்பது வேலை அல்ல, வெகுமதி. கோட்டைத் தலைமையும் பண்டகசாலைப் பதவியும் மூன்றாண்டுத் தவணைகளாகத் தரப்பட்டன. அரசரின் ஆதரவில் கப்பலேறி வந்த அனாதைப் பெண்களுக்குப் பதவியே சீதனம். மணப்பவன் உத்தியோகஸ்தன் ஆவான். இதை யாரும் ஒளித்துச் செய்யவில்லை. மூன்று வருஷத்தில் முப்பது வருஷத்துக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியவனிடம் ஒரு கடற்கரை ஒப்படைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

சவேரியார் இந்தியாவுக்கு வந்தது பாப்பரசர் மூன்றாம் பவுலின் தூதராக. அந்தப் பாப்பரசர் பதவியேற்ற 1534-லேயே, இருபது வயதுகூட நிரம்பாத தன் பேரன்மார் இருவரைக் கர்தினால்களாக்கியவர். உறவினருக்குப் பதவி தருவதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே மருமகனைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து, பாப்பரசர்களின் மருமகன்மாரால் வந்தது. ரோமாபுரி அதை ஆணை போட்டுத் தடுத்தது 1692-ல். சவேரியார் பார்த்த நோய் தூத்துக்குடியில் பிறந்ததல்ல. அவரை அனுப்பிய மாளிகையிலும் அது இருந்தது. ஆனால் அவர் தந்த மருந்து ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்கு எழுதும் அந்தரங்கக் கடிதம். சிபாரிசைத் தடுக்கவும் சிபாரிசுதான் கிடைத்தது.

இதே கரையில் வேறொரு அதிகாரமும் இருந்தது. பரதவரின் ஜாதித்தலைவர் பதவி பரம்பரையானது. குளிப்பவர்களைத் திரட்டுவதும் அவர்களுக்காகப் பேசுவதும் அவர் பொறுப்பு. சலாபத்தில் அதற்கான உரிமைப் பங்கு அவருக்கு உண்டு. போர்த்துக்கீசியர், 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் எல்லோரும் இந்தத் தலைமையின் வழியாகவே கரையோடு பேசினார்கள். கடல்கட்டி என்று ஒரு உத்தியோகமும் இருந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை வைத்துக்கொண்டது. இலங்கைக் கரையில் அப்போதைய கடல்கட்டி கத்தோலிக்கர் என்று 1859-ல் எமர்சன் டெனென்ட் எழுதுகிறார். மதம் மாறினாலும் மந்திரம் குடும்பத்தை விட்டுப் போகவில்லை.

இந்தப் பதவிகளையும் கேப்டனின் பதவியையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பரம்பரைத் தலைவருக்குத் தன் கரையில் வாழ்ந்தாக வேண்டிய நிர்ப்பந்தம் உண்டு. மூன்று வருஷத்தில் அவர் கப்பலேற முடியாது. உறவு என்பது பிடுங்கும் வழி மட்டுமல்ல, பதில் சொல்லவேண்டிய கட்டும்கூட. நம் சமூகத்தில் அக்காள் மகனுக்கு வேலை வாங்கித் தருபவன் தன்னைக் குற்றவாளியாக நினைப்பதில்லை. வாங்கித் தராதவன்தான் கல்யாண வீட்டில் தலைகுனிகிறான். இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் சொல்லிக் கடந்து போகிற சீர்திருத்தம் எதையும் தொடுவதில்லை. இரண்டு ஒழுக்கங்கள் மோதுகின்றன. வெளியே நிற்கிற, உறவற்ற மனிதனுக்கு இதில் எந்த ஒழுக்கம் இடம் தருகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு விடை சலாபத்துக்குள்ளேயே இருந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரையில் வேலியடைத்த கொட்டுக்குள் சிப்பிகள் பங்கிடப்பட்ட விதத்தை நேரில் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு தோணியின் சிப்பியையும் குளித்தவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்த இரண்டு அரசாங்கத்துக்கு என்று உத்தியோகஸ்தர் காட்டுவார். மிஞ்சியது குளித்தவர்களுக்கு. பிரிப்பவன் எடுப்பதில்லை, எடுப்பவன் பிரிப்பதில்லை. ஒரு குவியலைப் பெருக்கினால் அது எதிராளிக்குப் போய்ச் சேரும். இதில் யாரும் யோக்கியனாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பிறகு அரசாங்கத்தின் சிப்பி ஆயிரக்கணக்கில் பகிரங்கமாக ஏலம் போகும். மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து மதிப்பிட்ட விலை முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் மூடிய சிப்பிக்குள் என்ன என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. அந்த அறியாமைதான் நீதி.

மனிதர்கள் மூடிய சிப்பிகள் அல்ல என்பதில்தான் சர்க்கார் உத்தியோகத்தின் சிக்கல் தொடங்குகிறது. பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் குடும்பம் தெரியும். நெல்லூர் ஜில்லாவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 49 பேர் ரெவினியூ உத்தியோகத்தில் இருந்த நிலைமை தெரியவந்த சில ஆண்டுகளில், 1854-ல், சென்னை ரெவினியூ போர்டு தன் நிலையாணையில் ஒரு விதியைச் சேர்த்தது: ஜில்லா உத்தியோகங்கள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகாமல் கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், பல ஜாதியாருக்கும் பகிர வேண்டும். இந்த ஆணையின் பின்னால் நின்ற கம்பெனியின் டைரக்டர்களோ 1853 வரை லண்டனில் தங்கள் பிள்ளைகளுக்கும் மருமகன்மாருக்கும் இந்திய உத்தியோகங்களைப் பங்கிட்டுக் கொண்டிருந்தவர்கள். போட்டிப் பரீட்சை அவர்களுக்கு 1855-ல்தான் வந்தது. போர்டின் விதி ஏட்டில் தூங்கியது. அதை நிறைவேற்ற வேண்டிய சிரஸ்தார்களே அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதற்கு உயிர் வர 1921-ன் வகுப்புவாரி அரசாணையும் 1929-ல் சென்னையில் அமைந்த சர்வீஸ் கமிஷனும் வேண்டியிருந்தன. நல்ல புத்திமதி முக்கால் நூற்றாண்டு கிடந்தது. வேலைக்கு ஆளெடுக்கும் கையைத் துறைத் தலைவனிடமிருந்து பிரித்த பிறகுதான் அது அசைந்தது.

ஒப்பந்தங்களின் கதையும் இதுவே. 1905 சலாபத்தில் இலங்கை அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அடுத்த ஆண்டே 20 வருஷத்துக்கு, வருஷம் 3,10,000 ரூபாய் என்று, பார் முழுவதும் ஒரே கம்பெனிக்குக் குத்தகையானது. குவியலும் ஏலமும் ஒரு கையெழுத்தில் முடிந்தன. சிப்பியும் மறைந்தது, 1912-க்குள் கம்பெனி கலைக்கப்பட்டது. இங்கே மருமகன் யாரும் தேவைப்படவில்லை. பகிரங்கம் போய்விட்டால் தயவுக்கும் தவறான கணக்குக்கும் வித்தியாசம் காண வெளியே நிற்பவனுக்கு வழியில்லை. இன்று நம் மாநிலத்தில் 1998-ன் டெண்டர் சட்டம் இருக்கிறது. தகுதிக்கு ஒரு உறை, விலைக்கு ஒரு உறை. உறை மூடியிருக்கிறது, சரி. ஆனால் தகுதி நிபந்தனைகளை எழுதுகிறவன் எந்தக் குவியலை யார் எடுப்பார் என்று அறிந்தே பிரிக்க முடியும். பரீட்சைத் தாளில் பெயரை மறைத்துவிட்டு நேர்முகத்தில் சிப்பியைத் திறந்து பார்ப்பதும் அதேதான். மத்திய அரசு 2016-லிருந்து கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத்தை நீக்கியது இதை உணர்ந்துதான்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது. கொட்டு இருந்த மணலில் இன்று அடையாளம் எதுவும் இல்லை. அந்த மூன்று குவியல்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்குத் துறைமுகத்தையும் செக்ரடேரியட்டையும் விட நம்முடைய இந்தச் சிறு வட்டம்தான் அதிகம் நினைவுக்கு வருகிறது. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகை. கவிதை எழுதுபவன், தேர்ந்தெடுப்பவன், மதிப்புரை எழுதுபவன், பரிசுக்குழுவில் உட்காருபவன் எல்லோரும் ஒரே ஆறேழு பேர். நாம்தான் பிரிக்கிறோம், நாம்தான் எடுக்கிறோம். சர்க்காரின் மருமகன்களைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிற நமக்கு, தபாலில் வந்து பிரிக்கப்படாமலே கிடக்கும் முகம் தெரியாதவனின் உறையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?