சுருட்டும் சொல்லும்

மெலிந்த மேனி, மேனிக்குப் பொருந்தாத காரம்! கியூபா நாட்டுக் 'கோஹிபா லான்செரோ' என்னும் சுருட்டைத்தான் கூறுகிறோம். நீளம் 192 மில்லிமீட்டர். பருமனோ ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். உள்ளீடு குறைவாதலின், மேலே சுற்றிய இலையின் சுவையே நாவில் மேலோங்கி நிற்கும். விரைந்து இழுத்தால் சூடேறிக் கசக்கும். பொறுத்துப் பொறுத்து இழுத்தல் வேண்டும் என்பர் சுவைத்தோர். செடியின் உச்சியில் நின்று கதிரவனைப் பருகிய இலைகளே அக்காரத்தின் ஊற்று. பிடல் காஸ்ட்ரோவின் விரலிடையே உலகம் கண்ட சுருட்டு இது. அவரே 1985-இல் புகைப்பதை விட்டொழித்தார். நாமும் புகைப்பவரல்லர், புற்றுநோய்க்குப் பொன்முலாம் பூசும் எண்ணமும் நமக்கில்லை.

பின் ஏன் இந்தச் சுருட்டுப் புராணம் என்கிறீர்களா? புகைத்தவன் நாவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். சுற்றியவன் செவியைப் பற்றி எழுதினோர் சிலரே.

1865! ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்ட கியூபா. அடிமை முறை 1886 வரை ஒழியாத தீவு. தலைநகர் ஹவானாவில் 'எல் பிகாரோ' என்றொரு சுருட்டாலை. விரல்கள் ஓயாமல் சுற்றும், செவிகளுக்கோ வேலையில்லை. தொழிலாளர் எண்ணினர், துணிந்தனர். ஒருவர் உரக்கப் படிப்பது, மற்றவர் சுற்றிக்கொண்டே கேட்பது! படிப்பவருக்குக் கூலி தந்தது யார்? முதலாளியா? அன்று! கேட்டவரே தம் கூலியிலிருந்து எடுத்துத் தந்தனர். சத்தூர்னினோ மார்த்தினேஸ் என்ற சுருட்டுத் தொழிலாளி அதே ஆண்டில் தொடங்கிய 'லா அவுரோரா' ஏடு இவ்வழக்கத்தைப் பரப்பிற்று. செய்தித்தாளும் நாவலும் ஆலைக்குள் நுழைந்தன. எழுத்தறியாதோரும் விக்டர் ஹியூகோவை அறிந்தனர். 1935-இல் தோன்றிய 'மான்டிகிறிஸ்டோ' சுருட்டுக்குப் பெயர் வந்ததே, ஆலையில் படிக்கக் கேட்ட டூமாவின் நாவலால்தான் என்பர். ('சுருட்டு' நம் சொல், ஆங்கிலேயர் அதைச் 'செரூட்' ஆக்கிக்கொண்டனர். சுருட்டோடு நூலைச் சேர்த்த பெருமை கியூபாவினது!)

ஆள்வோர் பொறுப்பரோ? 1866-ஆம் ஆண்டு மே திங்களில் தடை விதித்தார் ஸ்பானிய ஆளுநர். வாளில்லை, வெடியில்லை, ஒரு புத்தகம், ஒரு குரல்! அதற்கே நடுங்கியது அரியணை.

தடை வந்தது, தளர்ந்தது, மீண்டும் வந்தது. 1868-இல் மூண்ட விடுதலைப் போருக்குப்பின், தொழிலாளர் பலர் கடல் கடந்து அமெரிக்காவின் கீ வெஸ்ட், டாம்பா நகரங்களில் குடியேறினர். படிப்பவர் மேடையும் உடன் சென்றது. 1891-இல் டாம்பாவில் ஹோசே மார்த்தி விடுதலை முழக்கமிட்டபோது, செவி கொடுத்தோர் அச்சுருட்டுத் தொழிலாளரே. பின்னர் விடுதலை நிதிக்குக் கூலியில் பங்கு கொடுத்தோரும் அவரே.

அம்மேடையில் பெண்ணும் ஏறினாள். புவர்த்தோ ரிக்கோவின் லூயிசா கபெத்தில்யோ ஆலைகளில் படித்தார்; பெண்ணுரிமை எழுதினார். 1915-இல் ஹவானாத் தெருவில் காற்சட்டை அணிந்து நடந்தார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார். காற்சட்டை குற்றமாம்!

1931-இல் டாம்பா முதலாளிகள் மேடைகளை அகற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், மேடை மீளவில்லை. குரல் இருந்த இடத்தில் பிறகு வானொலிப் பெட்டி பாடிற்று.

ஹவானாவிலோ மேடை இன்றும் நிற்கிறது. காலையில் செய்தித்தாள், பின்னர் நாவல்; கீழே வரிசை வரிசையாய் அமர்ந்து, கேட்டுக்கொண்டே சுற்றுகின்றனர்.