கால் மார்க்கின் மறைவு

2018-ஆம் ஆண்டின் பொறியியல் கலந்தாய்வோடு தமிழ்நாட்டில் கால் மார்க் மறைந்தது. மருத்துவச் சேர்க்கையில் அதன் ஆயுள் 2016-லேயே முடிந்திருந்தது. அந்த ஆண்டுகளில் பெரிய மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால் இந்தச் சிறிய மறைவு கண்ணில் படவில்லை. 1200 மார்க் 600 ஆனதைப் பற்றிப் பேசினோம். மாநில அளவிலான ரேங்க் பட்டியல் நின்றதைப் பற்றிப் பேசினோம். மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வைப் பற்றி இன்றுவரை பேசுகிறோம். ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்ததும், அவர்களில் பலரைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விட்டதும் 0.25 என்ற அந்தச் சின்ன எண்தான். அதற்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அது பிறந்த விதம் எளிமையானது. பிளஸ் டூவில் ஆறு பாடங்கள், பாடத்துக்கு 200, மொத்தம் 1200. பொறியியலுக்குப் போகிறவர் கணித மார்க்கை இரண்டால் வகுக்க வேண்டும், இயற்பியலையும் வேதியியலையும் நான்கால் வகுக்க வேண்டும். 100, 50, 50. மூன்றையும் கூட்டினால் 200-க்கு எவ்வளவு என்று வரும். மருத்துவத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். கணிதத்தில் 196, இயற்பியலில் 190, வேதியியலில் 193 வாங்கிய பெண்ணுக்கு 98, 47.5, 48.25. மொத்தம் 193.75. வேதியியலில் ஒரு மார்க் கூடியிருந்தால் 194. அந்த ஒரு மார்க்கின் நான்கில் ஒரு பங்குதான் கால் மார்க். மொழிப் பாடங்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

அதற்கு ஒரு வம்ச வரலாறும் உண்டு. 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. 1984-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதன் கடைசி ஆண்டுகளில் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கணக்கிட்டார்கள். பயிற்சி மையங்கள் நகரங்களில் இருந்தன, கட்டணமும் நகரத்துக் கட்டணமாக இருந்தது. கிராமத்துப் பிள்ளை பள்ளித் தேர்வில் சம்பாதித்ததை நுழைவுத் தேர்வில் இழந்தது. 2005-லும் 2006 தொடக்கத்திலும் ஜெயலலிதா அரசு அந்தத் தேர்வை நீக்க எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பின்னர் கலைஞர் அரசு, அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2007 முதல் பிளஸ் டூ மார்க் மட்டுமே போதும் என்றானது. கால் மார்க் தனியாட்சி நடத்தியது அதன் பிறகுதான்.

தேர்வு முடிவு வரும் காலையில் அதன் செல்வாக்கைப் பார்க்க வேண்டும். இணைய மையத்தில் அச்செடுத்த காகிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பாவுக்கும் 'கட்-ஆஃப் எவ்வளவு வருது?' என்று கேட்கத் தெரிந்திருந்தது. மளிகைக் கடைக்காரர் கேட்டார், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார், தூரத்துச் சொந்தங்கள் போனில் கேட்டன. இரண்டால் வகு, நாலால் வகு, கூட்டு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு அது. அரசாங்கம் சொல்வதற்கு முன்பே ஒரு குடும்பம் தன் பிள்ளையின் எண்ணைத் தானே கண்டுபிடித்துவிடும். சில வாரங்கள் கழித்து அரசாங்கம் அறிவிக்கும் எண்ணும் அதுவாகவே இருக்கும்.

இரண்டாவது எண் ஒன்றும் இருந்தது. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கான இடம் போன ஆண்டு எத்தனை மார்க்கோடு முடிந்தது என்ற எண். வெறும் தகுதி மார்க் வேறு, அது விண்ணப்பிக்க மட்டுமே உதவும். இடம் கிடைக்குமா என்பதைச் சொன்னது இந்தப் போன ஆண்டுக் கணக்குதான். நாளிதழ்களின் கல்வி இணைப்புகளில் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக அது அச்சாகும். பொதுப்போட்டி 31 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. இந்தப் பகுப்பைப் பாடப்புத்தகத்தைவிட அந்தப் பட்டியல்களில்தான் மாணவர்கள் கற்றார்கள். பொதுப்போட்டி என்பது முற்பட்டோருக்கான ஒதுக்கீடு அல்ல, மார்க் இருந்தால் யாரும் அதில் இடம் எடுக்கலாம் என்பது பலருக்குப் புரிந்ததும் அங்கேதான்.

பிறகு கிண்டி. 2017 வரை பொறியியல் கலந்தாய்வுக்கு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் வர வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் துணைக்கு வருபவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். இரவெல்லாம் பயணம் செய்து, சான்றிதழ் உறையைக் கைக்குள் வைத்துக்கொண்டு, மரத்தடியில் காத்திருப்பார்கள். திரையில் ஒவ்வொரு கல்லூரியின் காலியிடமும் குறைந்துகொண்டே வரும். உள்ளே போன பிள்ளை வெளியே வரும்போது எந்த ஊரில் நான்கு ஆண்டு வாழப்போகிறது என்பது முடிவாகியிருக்கும்.

கால் மார்க்குக்கு அங்கே என்ன விலை என்பதை ஒரு சிறு கணக்கால் சொல்லலாம். 100-க்கும் 200-க்கும் இடையில் கால் மார்க் படிகள் 400. பொறியியலுக்குப் பல ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிட்டார்கள். ஒரு லட்சம் பேரை 400 படிகளில் சமமாக நிற்க வைத்தாலே படிக்கு 250 பேர். நடுப்படிகளில் கூட்டம் அதைவிட அதிகம். கால் மார்க் குறைந்தால் நூற்றுக்கணக்கானோர் முன்னால் போய்விடுவார்கள். ஒரே படியில் நிற்பவர்களைப் பிரிக்கவும் விதி இருந்தது. பொறியியலில் முதலில் கணித மார்க், அடுத்து இயற்பியல், அடுத்து நான்காவது விருப்பப் பாடம். அதிலும் சமம் என்றால் பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றென்றால் கணினி தந்த ரேண்டம் எண்.

அதனால்தான் விடைத்தாள் நகலுக்கும் மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் அவ்வளவு பேர் அலைந்தார்கள். விட்டுப்போன ஒரு மார்க் வேதியியலில் கிடைத்தால் கால், கணிதத்தில் கிடைத்தால் அரை. நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் வரிவரியாகப் பார்ப்பார்கள். தன்னைத் திருத்தியவரின் பேனாவைத் தானும் சரிபார்க்கலாம் என்ற உரிமையை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை முதன்முதலாக அனுபவித்தது அந்தத் தாள்களில்தான்.

இறந்ததைப் பற்றி நல்லதை மட்டும் சொல்வது வழக்கம். கால் மார்க்குக்கு அது பொருந்தாது. அது பிள்ளைகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி வரும் என்று சொன்ன புளூ பிரிண்டை வைத்துக்கொண்டு, தேவையில்லாத பாடங்களை மூடி வைக்கப் பழக்கினோம். பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தையே ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள். விடுதிப் பள்ளிகளில் விடியும் முன்பே தொடங்கிய படிப்பு நள்ளிரவில் முடிந்தது. புத்தகத்தில் உள்ள வரியை அப்படியே எழுதினால் முழு மார்க், சொந்த வாக்கியத்தில் எழுதினால் கால் மார்க்குக்கு ஆபத்து. 199 வாங்கியவர் பொறியியல் முதலாண்டில், அந்த ஒதுக்கப்பட்ட பிளஸ் ஒன் கணிதத்தில் தடுமாறினார். பணம் கட்டிப் படிக்க முடிந்தவர்களே மேல்படிகளில் நிறைந்திருந்தார்கள். அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அந்த ஆண்டுகளிலும் மிகக் குறைவு. நுழைவுத் தேர்வு என்ற ஒரு சுவரை இடித்தோம். அதன் பின்னால் இருந்த பள்ளிக் கட்டணம் என்ற சுவர் அப்படியே நின்றது.

மருத்துவச் சேர்க்கையில் அதன் மரணம் நீதிமன்றங்களில் நிகழ்ந்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம் நீட் தேர்வை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஓர் அவசரச் சட்டம் மாநிலங்களுக்கு ஓராண்டு அவகாசம் தந்ததால் 2016-ல் பழைய முறை கடைசியாக ஒருமுறை நடந்தது. 2017-ல் விலக்கு கிடைக்கும் என்று தமிழ்நாட்டு மாணவர்கள் ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவின் மார்க் 1200-க்கு 1176. இயற்பியலில் 200, வேதியியலில் 199, உயிரியலில் 194. வகுத்துக் கூட்டினால் 50, 49.75, 97. மருத்துவக் கட்-ஆஃப் 196.75. முந்தைய முறையில் மருத்துவ இடம் உறுதி என்று சொல்லக்கூடிய எண் அது. சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், தமிழ்வழியில் படித்தவர். விதிக்கப்பட்ட கணக்கை அவர் சரியாகவே போட்டார். கணக்கு முடிந்த பிறகு விதி மாறியது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அந்த எண்ணில் இருக்கும் முக்கால், வேதியியலில் விட்ட ஒரே ஒரு மார்க்கின் தடம். ஒரு பிள்ளையின் உழைப்பு முழுவதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. அந்த உழைப்பை ஏற்க அந்த ஆண்டு ஒரு மருத்துவக் கல்லூரி வாசல்கூட திறந்திருக்கவில்லை என்பது நம் எல்லோருக்கும் உரிய குற்றம்.

பொறியியலில் மரணம் அமைதியாக வந்தது. 2017 மே மாதம் அரசு பள்ளித் தேர்வுகளைத் திருத்தி அமைத்தது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு, பாடத்துக்கு 100, மொத்தம் 600. 2018 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர்களே 1200-க்கு எழுதிய கடைசி அணி. 2019 முதல் கணித மார்க்கை வகுக்கவே வேண்டாம். இயற்பியலையும் வேதியியலையும் இரண்டால் வகுத்தால் போதும். 200 என்ற மொத்தம் அப்படியே இருக்கிறது, ஆனால் மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு இப்போது மிகச் சிறிய படி அரை மார்க். நூறு முதல் இருநூறு வரை 400 படிகள் இருந்த இடத்தில் 200 படிகள். ஒரே படியில் நிற்பவர்கள் இரண்டு மடங்கு ஆனார்கள். பிறந்த தேதிக்கும் ரேண்டம் எண்ணுக்கும் வேலை கூடியது.

அந்த மாற்றம் ஓர் உண்மையையும் வெளிச்சமிட்டுக் காட்டியது. 193.75 வாங்கிய பெண்ணுக்கும் 194 வாங்கிய பையனுக்கும் அறிவில் எந்த வேறுபாடும் எந்நாளும் இருந்ததில்லை. கால் மார்க் யாருடைய திறமையையும் அளக்கவில்லை. ரேஷன் கடை டோக்கனைப் போல, இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருந்த இடத்தில் அது வரிசையை ஒழுங்குபடுத்தியது, அவ்வளவுதான். டோக்கன் எண்ணைப் பிள்ளையின் மதிப்பு என்று நாம் நம்பியதும், பிள்ளையையும் நம்ப வைத்ததும்தான் பிழை. கால் மார்க்குக்காக வீட்டில் பேச்சை நிறுத்திய பெற்றோர் உண்டு. பெரியவர்களாகிவிட்ட பிறகும் அந்தத் தசமத்தை மறக்காமல் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இப்போதாவது சொல்ல வேண்டும்: அந்த எண் உங்களைப் பற்றியது அல்ல, இடங்களின் எண்ணிக்கையைப் பற்றியது.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் அதன் மறைவுக்கு நான் வருந்துவதற்குக் காரணம், அது எதையும் மறைக்கவில்லை என்பதே. இன்று பிளஸ் டூ முடிக்கும் பிள்ளையின் முன்னால் பல வகை எண்கள் நிற்கின்றன. நீட்டில் 720-க்கு வாங்கிய மார்க்கை விடைக்குறிப்பை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் தகுதிக்கோடு பெர்சென்டைலில் வருகிறது, மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்று தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. ஜே.இ.இ. மெயின் பல அமர்வுகளில் நடக்கிறது, ஒவ்வொரு அமர்வுக்கும் தனிப் பெர்சென்டைல். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்விலும் சமப்படுத்திய மதிப்பெண்கள்தான். இவற்றுக்கு நியாயமான புள்ளியியல் காரணங்கள் உண்டு. கடினமான வினாத்தாள் கிடைத்த பிள்ளைக்கு அநீதி நடக்கக் கூடாது. ஆனாலும் தன் எண் எப்படி வந்தது என்று தன் வீட்டில் விளக்க முடியாத பிள்ளை, அதைக் கேள்வி கேட்கவும் முடியாது. விளக்கத் தெரிந்தவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு விளக்குகிறார்கள்.

கால் மார்க் விட்டுச்சென்ற சொத்து இரண்டு. ஒன்று, பள்ளித் தேர்வை நம்பிய அந்தப் பழைய கொள்கை. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றின் மாநிலச் சேர்க்கையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றொன்று, அது தீர்க்காமல் விட்ட கடன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அந்தக் கடனின் ஒரு பகுதியை அடைத்திருக்கிறது.

இனி எந்தத் தேர்வு வந்தாலும், எந்த முறையில் தரவரிசை போட்டாலும், ஒரு நிபந்தனையை நாம் விடக் கூடாது. சேர்க்கைக்கான எண்ணை நிர்ணயிப்பவர்கள், அது எப்படி வந்தது என்பதை ஒரு பக்கத்துக்குள், தமிழில், பத்தாம் வகுப்புப் படித்தவருக்கு விளங்கும்படி எழுதி ஒவ்வொரு மாணவர் கையிலும் தர வேண்டும். விதியை மாற்றுவதாக இருந்தால் பிளஸ் ஒன் சேரும் நாளிலேயே சொல்ல வேண்டும், தேர்வு எழுதி முடித்த பிறகு அல்ல. இந்த இரண்டையும் சட்டமாகக் கேட்டு வாங்குவதுதான் கால் மார்க்குக்கும், அதை நம்பி உழைத்த பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் சரியான அஞ்சலி.