கணினி கண்டுகொள்ளாத ஹார்ட் டிஸ்க்

போன மாதம் ஒரு ராத்திரி, ஏரிக்கரை நடுகல் ஒன்றின் படத்தைத் தேடி என் பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே தட்டு சுழலும் மெல்லிய இரைச்சலும் கேட்டது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கழற்றிச் சொருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ம்ஹூம்.

அந்த நடுகல் இப்போது அங்கே இல்லை. கரையைப் பலப்படுத்தும் வேலை முடிந்தபின் நான் மறுபடி போனபோது, அது நின்ற இடத்தில் செம்மண் மேடுதான் இருந்தது. ஊரில் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் கைகாட்டினார்கள். ஆக, அந்தக் கல்லுக்கு மிச்சம் நான் எடுத்த பதினொரு படங்கள்தான். அவையும் இந்த டிஸ்க்கில் மட்டும். “வேற எங்கேயும் காப்பி வைக்கலையா?” என்று கேட்காதீர்கள். வைக்கவில்லை.

டிஸ்க் செத்துப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நான்கு நாட்களில் புரிந்துகொண்டது வேறு. ஒரு டிஸ்க் சாவது ஒன்று, கணினி அதைக் கண்டுகொள்ளாமல் போவது இன்னொன்று. கணினி ஒரு டிஸ்க்கை அடையாளம் காண, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் செய்துவைத்த சில ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக நடக்க வேண்டும். எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடுவதுதான் பழுது பார்ப்பது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரலாறும் கூடவே வரும்.

முதல் கண்ணி மின்சாரம். யுஎஸ்பி 1996-இல் வந்தபோது அது விசைப்பலகை, மவுஸ், பிரின்டர் போன்றவற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரு கருவிக்கு 5 வோல்ட்டில் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-விலும் அதே அளவுதான். ஆனால் அதற்குள் ஜனங்கள் அதில் ஹார்ட் டிஸ்க்கைச் சொருக ஆரம்பித்துவிட்டார்கள். நின்றிருக்கும் தட்டைச் சுழல வைக்கும் அந்த முதல் சில நொடிகளில் டிஸ்க் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கும். அதனால்தான் அந்தக் காலத்து கேபிள்களில் சில, கணினிப் பக்கம் இரண்டு முனையாகப் பிரிந்து இரண்டு துளைகளில் உட்கார்ந்தன. 2008-இல் யுஎஸ்பி 3.0 இதை 900 மில்லி ஆம்பியராக உயர்த்தியது. பழைய கணினியிலோ, தனி மின்சாரம் இல்லாத ஹப்பிலோ சொருகிய டிஸ்க் விளக்கு மட்டும் காட்டிவிட்டு சும்மா இருந்தால், காரணம் பெரும்பாலும் பசிதான். டெஸ்க்டாப்பாக இருந்தால் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகிப் பாருங்கள். பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் அதற்கு 12 வோல்ட் தனியாக வேண்டும்; அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, தட்டு. முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் உருவான ராமாக் கணினியின் பகுதி அது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை. இத்தனைக்கும் அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைபேசிப் படம் ஒன்றுக்கே அது சரியாக இருக்கும். 1973-இல் அதே ஐபிஎம் கொண்டுவந்த ‘வின்செஸ்டர்’ வகையில்தான் தட்டையும் படிக்கும் தலையையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைக்கும் முறை நிலைத்தது. இப்போது உங்கள் மேஜையில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. தட்டுக்கும் தலைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஒரு தூசித் துகள் அதற்கு மலை. அதனால் டிஸ்க்கை வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது. ‘டக்... டக்...’ என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அது தலை தடம் தெரியாமல் திணறும் சத்தம். ஒவ்வொரு தடவை சொருகும்போதும் சேதம் கூடலாம். அதற்கு மேல் தூய அறை வைத்திருக்கும் மீட்புக் கூடங்களின் வேலை.

என் டிஸ்க் தாளம் போடவில்லை, சீராகச் சுழன்றது. அதனால் மூன்றாவது கண்ணிக்கு வந்தேன்: கேபிளும் அட்டையும். யுஎஸ்பி 3.0 டிஸ்க்குகளில் அகலமாய், இரண்டு துண்டாய்ப் பிரிந்த ஒரு முனை இருக்கும். அது சீக்கிரம் தளரும். டிஸ்க்கின் மொழியை யுஎஸ்பி மொழிக்கு மாற்றிச் சொல்ல உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கும், ஒரு துபாஷி மாதிரி. பல வேளைகளில் டிஸ்க் நன்றாக இருக்கும், துபாஷிதான் போயிருப்பார். வேறொரு பெட்டியில் மாற்றிப் போட்டால் வேலை செய்யும். ஆனால் சில வகைகளில் அந்த அட்டையே தகவலைப் பூட்டி எழுதுகிறது. வேறு சிலவற்றில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் அட்டையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றுவதற்கு முன்னால் உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நண்பரிடம் ஒரு புது கேபிள் வாங்கிச் சொருகியதும் கணினி ‘டிங்’ என்றது.

சந்தோஷம் அரை நிமிஷம். “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?” என்று ஒரு பெட்டி எழுந்தது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். மணி இரண்டு, தூக்கக் கலக்கம், கேட்பதோ நம் கணினி. நானும் கிட்டத்தட்ட ‘ஆமாம்’ என்று அழுத்தியிருப்பேன். விரைவு ஃபார்மட் என்றால் பழைய படங்களின் மேல் ஒரு புது அட்டவணையை எழுதிவிடும். முழு ஃபார்மட் என்றால், விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, தட்டு முழுக்கப் பூஜ்யத்தை நிரப்பிவிடும். அப்புறம் தேட ஒன்றுமே இருக்காது. ‘இனிஷியலைஸ்’ செய்யட்டுமா என்று கேட்டாலும் அதே பதில்தான்: வேண்டாம்.

ரத்து செய்துவிட்டு டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பார்த்தேன். இது நான்காவது கண்ணி. 1983 மார்ச்சில் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதோடு வந்த டாஸ் 2.0, டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் ஒரு சின்ன அட்டவணையை வைத்தது. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்பதைச் சொல்லும் அந்த அட்டவணை வெறும் 64 பைட். அந்த 64 பைட் அழிந்தால் ஒரு டெராபைட்டும் ‘காலி இடம்’ என்று காட்டும். பத்திரம் தொலைந்தால் நிலம் தொலைந்ததாகிவிடாதே, அது போலத்தான். இந்தப் பழைய முறையால் 2 டெராபைட்டுக்கு மேல் அளக்கவும் முடியாது. பின்னால் வந்த ஜிபிடி முறை, டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதியையும் வைத்துக்கொள்கிறது.

டிரைவ் எழுத்தும் இங்கேதான் வரும். முதல் ஹார்ட் டிஸ்க் ஏன் ‘சி’? ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. ஃபிளாப்பி போய்ப் பல வருஷமாகியும் அந்த நாற்காலிகளை விட்டுவிட்டே விண்டோஸ் எண்ணுகிறது. அலுவலக நெட்வொர்க் டிரைவ் ஏதாவது அதே எழுத்தைப் பிடித்து வைத்திருந்தால், நன்றாக இருக்கிற டிஸ்க்கும் கண்ணில் படாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் பகுதி தெரிந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், புதிதாக ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும்.

எனக்குப் பகுதி தெரிந்தது, அளவும் சரியாக இருந்தது, எழுத்தும் இருந்தது. பக்கத்தில் ‘ரா’ என்று போட்டிருந்தது. அதாவது, இடம் இருக்கிறது, அதில் கோப்புகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியவில்லை என்பதே பொருள். கடைசிக் கண்ணி, கோப்பு முறை. என்னுடையது 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ். அதன் வாசல் தகவல் இருக்கும் இடம் படிக்க முடியாதபடி ஆகியிருந்தது. நல்லவேளை, என்டிஎஃப்எஸ்ஸை வடிவமைத்தவர்கள் அந்த வாசலுக்கு ஒரு பிரதியைப் பகுதியின் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விதி: அடிபட்ட டிஸ்க்கில் எதையும் எழுதாதே. முதலில் படி எடு. லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் ஓடியது. பிறகு அந்தப் பிரதியின் மேல் மட்டும் டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு மென்பொருளை ஓட்டி, கடைசியில் இருந்த வாசல் தகவலை முன்னால் கொண்டுவந்தேன். கோப்புறைகள் வந்தன. பதினொரு படங்களில் ஒன்பது முழுசாக இருந்தன. ஒன்றில் பாதி சாம்பல் நிறம். ஒன்று திறக்கவே இல்லை.

கதை அங்கே முடிந்திருக்கலாம். அதே டிஸ்க்கில் 2003 வாக்கில் தட்டச்சு செய்த குறிப்புகளும் கிடைத்தன. திறந்தால், கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள். அவை திஸ்கியில் அடித்தவை. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டாலும், அது புழக்கத்துக்கு வரும்வரை திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறிமுறை வைத்திருந்தோம். டிஸ்க் கிடைத்தது, கோப்பு கிடைத்தது, ஒரு பைட் கெடவில்லை. ஆனால் என் கணினிக்கு அது தமிழ் என்று தெரியவில்லை. மாற்றி கொண்டு யூனிகோடாக்கினேன்.

இதன் பெரிய உருவம் இங்கிலாந்தில் நடந்தது. 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்குப் புத்தகத்தின் 900-ஆவது ஆண்டுக்காக, பிபிசி 1986-இல் நாட்டின் புதிய பதிவு ஒன்றை லேசர் தட்டில் வெளியிட்டது. பதினைந்து வருஷத்துக்குள் அந்தத் தட்டைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. தட்டில் தகவல் இருந்தது, படிக்கத்தான் வழியில்லை. அதை மீண்டும் ஓட்டிக்காட்ட லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உழைக்க வேண்டியிருந்தது. 1086-இன் தோல் புத்தகத்தை இன்றும் விரித்துப் படிக்கலாம்.

“அப்போ கல்லும் தோலும்தான் உசத்தியா?” என்றால், இல்லை. என் நடுகல்லும் கல்தானே! கல்வெட்டு ஆய்வாளர்கள் கல்லை நம்பி உட்காரவில்லை. 1886-இல் ஹுல்ட்ஷ் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஈரக் காகிதத்தை ஒற்றி, மை தட்டிப் படி எடுத்தார்கள், அச்சிட்டார்கள். ஓலையும் அப்படித்தான். பூச்சி அரிப்பதற்குள் யாரோ உட்கார்ந்து பெயர்த்தெழுதினார்கள். ஒரு வீட்டு ஏடு போனாலும் இன்னொரு ஊரில் ஒரு பிரதி இருந்ததால்தான் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்தது.

இப்போது அந்தப் படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: இங்கே ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று. சும்மா வைத்திருந்தாலும் போதாது. அவ்வப்போது சொருகித் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு நாள் குறித்தாயிற்று. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கி வைத்து, மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது படிப்போம் இல்லையா? இனிமேல் அந்த அடுக்கில் ஹார்ட் டிஸ்க்குகளும் இருக்கும்.