தரகும் தலைவாசலும்: தேனி – கம்பம் பள்ளத்தாக்கில் வீடு காட்டும் மரபின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

வீடு விற்பவருக்கும் இடைநின்று விலை பேசும் தரகருக்கும் இடையே, வீடு காட்டும் வேளையில் கைக்கொள்ளப்படும் மரியாதை நெறிகள் எழுதப்படாதவை. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு, இந்நெறிகள் எங்கிருந்து வந்தன, எதைக் காத்தன, எதை மறைத்தன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்நெறிகள் மாட்டுச்சந்தையிலிருந்தும் பெண் பார்க்கும் சடங்கிலிருந்தும் உருப்பெற்றவை. சட்டம் எட்டாத இடத்தில் சட்டத்தின் பணியை அவை ஓரளவு செய்து வந்துள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தரகு, விலையாவணம், ஒத்தி, கம்பம் பள்ளத்தாக்கு, வீடு காட்டுதல், வில்லங்கம்.

1. முன்னுரை

நில உடைமை குறித்த தமிழக வரலாற்றாய்வுகள் பெரும்பாலும் வரி, குத்தகை, கோயில் நிலம், ஜமீன் ஆகியவற்றையே மையப்படுத்தியுள்ளன. விற்பனை என்னும் நிகழ்வு பத்திரப் பதிவோடு தொடங்கி அதனோடு முடிவதாகவே அவற்றில் காட்சி தருகிறது. ஆனால் பத்திரம் எழுதப்படுவதற்கு முன், அயலார் ஒருவர் ஒரு குடும்பத்தின் தலைவாசலைத் தாண்டி, கூடம், அடுக்களை, பூசையறை, கிணற்றடி என ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பிடும் ஒரு கட்டம் உண்டு. விற்பவரின் மானம் மிகவும் நெருக்கடிக்குள்ளாகும் கட்டமும் இதுவே. கடன், மருத்துவச் செலவு, பாகப்பிரிவினை, மகள் திருமணம் என விற்பனைக்கான காரணம் எதுவாயினும், பூர்விக வீட்டை விற்பது ஊரார் வாயில் விழும் செய்தியாகும். இக்கட்டத்தில் தரகர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது வெறும் பழக்கவழக்கச் செய்தியன்று. சமூக வரலாற்றுக்குரிய பொருளாகும்.

2. விலையாவணம்: பொதுவில் நிகழ்ந்த விற்பனை

இடைக்காலக் கல்வெட்டுகள் நில விற்பனையை ஒரு பொதுநிகழ்வாகவே பதிவு செய்கின்றன. விற்பவர் தம் நிலத்தை விற்கவிருப்பதை வெளிப்பட அறிவிப்பதும், கொள்ள முன்வருபவர் மறுமொழி கூறுவதும், இருவரும் இசைந்த விலையில் ஆவணம் எழுதுவதும் சோழர், பாண்டியர் கால விலையாவணங்களில் மீண்டும் மீண்டும் வரும் வாய்பாடுகள். ஆவணக்களரியில் பணம் கைமாறியதையும், அதுவே 'பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை' என்பதையும் அவை வலியுறுத்துகின்றன. நான்கெல்லையும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. கொடை நிலங்களுக்குப் பெண்யானையை நடத்தி எல்லை வகுத்த செய்தியைச் செப்பேடுகள் தருகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள், நிலக்கொடையை ஆவணப்படுத்தும் மரபு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று என்பதற்குச் சான்று.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, இவ்வாவணங்களில் நிலம் ஊரறியக் காட்டப்படுகிறது, மறைவு இல்லை. இரண்டாவது, ஆவண வாய்பாட்டில் விற்பவரும் கொள்பவரும் எழுதியவரும் அறிந்தவரும் இடம்பெறுகின்றனர். விலையை இசைவித்த இடையாள் ஒருவர் இருந்திருப்பின், அவருக்கு அதில் இடமில்லை. இன்றைய கிரயப் பத்திரத்திலும் நிலை இதுவே. சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர், ஆவணம் எழுதியவர் பெயர் இடம்பெறுகிறது, தரகர் பெயர் இடம்பெறுவதில்லை. ஆவணத்தில் தடம் பதிக்காத தொழில் தன் நம்பகத்தை நடத்தையில்தான் நிறுவியாக வேண்டும். தரகரின் மரியாதை நெறிகளை விளங்கிக்கொள்ள இதுவே தொடக்கப்புள்ளி.

3. பெரியாற்று நீரும் நிலச்சந்தையும்

கம்பம் பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் சந்தைப் பொருளாக விரைந்து கைமாறத் தொடங்கியதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது நீர். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே ஏற்பட்ட 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கையின் வழியே முல்லைப் பெரியாறு அணை எழுந்தது. 1895இல் நீர் கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இன்று அந்நீரால் பாசனம் பெறுகிறது. நீர் உறுதியானதும் நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது.

இரண்டாவது ஏலம். கம்பம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம் பகுதிக் குடும்பங்கள் பல, மலைக்கு மேலே ஏலத்தோட்டமும் மலைக்குக் கீழே குடியிருப்புமாக வாழ்ந்தன. 1956 மாநில மறுசீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இணைந்த பின்னரும் இவ்விரட்டை வாழ்வு தொடர்ந்தது. ஏல விலை ஏறிய ஆண்டில் வீடு கட்டுவதும், வீழ்ந்த ஆண்டில் வீட்டை அடமானம் வைப்பதும் இப்பகுதியின் பொருளாதாரச் சுழற்சியோடு பிணைந்தவை.

மூன்றாவது ஆட்சிமுறை மாற்றம். போடிநாயக்கனூர், கண்டமனூர் போன்ற ஜமீன்களின் நிலங்கள் 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் ரயத்துவாரி முறைக்கு மாறின. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானதும், தேனி – அல்லிநகரத்தைச் சுற்றி வீட்டுமனைகள் பெருகின. தோட்டம், மாடு ஆகியவற்றுக்குத் தரகு பேசியவர்களோடு மனைத் தரகர் என்னும் புதிய வகையினரும் தோன்றினர்.

4. வீடு காட்டும் நெறிகள்

மாடு, மணமகள், வீடு ஆகிய மூன்றுக்கும் இடைநிற்பவரைத் தமிழ் வழக்கு 'தரகர்' என ஒரே சொல்லால் குறிக்கிறது. இச்சொல்லொற்றுமை தற்செயலன்று. வீட்டுத் தரகரின் நடத்தை நெறிகளை முன்னிரண்டு களங்களோடு ஒப்பிடும்போது அவற்றின் மூலம் புலனாகிறது.

மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் தமிழகமெங்கும் அறியப்பட்டது. சுற்றி நிற்பவர் அறியாமல் விலை படிகிறது; படியாவிட்டாலும் இருவருக்கும் இழுக்கில்லை. வீட்டு விற்பனையில் இதன் மறுவடிவமாக, வீட்டிற்குள் நின்று விலை பேசலாகாது என்னும் விதி நிலவுகிறது. பார்க்க வந்தவர் பெண்கள், பிள்ளைகள் முன்னிலையில் "என்ன விலை சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டால், தேர்ந்த தரகர் "அதை வெளியே பேசிக்கொள்வோம்" என்று இடைமறிப்பார். விலை தெருமுனையிலோ தேநீர்க் கடையிலோ பேசப்படும்.

பெண் பார்க்கும் சடங்கிலிருந்து வந்த நெறிகள் இன்னும் நுட்பமானவை. செவ்வாய்க்கிழமை, அட்டமி, நவமி, இராகுகாலம் ஆகியவற்றைத் தவிர்த்தே தரகர் ஆளை அழைத்து வருகிறார். ஆடி மாதத்தில் பேச்சு மந்தமாகிறது. முன்னறிவிப்பின்றி வருவது குற்றம். வாசலில் செருப்பைக் கழற்றுவதும், அடுக்களைக்கும் பூசையறைக்கும் வீட்டுப் பெண்களின் இசைவு கேட்டபின் செல்வதும் எதிர்பார்க்கப்படுகின்றன. வீட்டார் தரும் தண்ணீரையோ மோரையோ மறுக்கலாகாது. ஆனால் பேச்சு முடியுமுன் கைநனைப்பதில்லை. சம்பந்தம் பேசும்போது உணவருந்துவது இசைவின் அடையாளம் என்னும் கருத்தே இங்கும் செயல்படுகிறது. சுவர் விரிசலையும் ஒழுகலையும் பார்த்தவர் அங்கேயே குறையாகச் சொல்வதில்லை. பிடிக்காவிட்டாலும் மறுப்பு நேராக வருவதில்லை. "வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்" என்னும் தொடர் இரு களங்களுக்கும் பொது. அம்மறுப்பை விற்பவரிடம் நோகாமல் கொண்டு சேர்ப்பது தரகரின் பணி. "வாசல் திசை அவர்களுக்குப் பொருந்தவில்லையாம்" என்னும் காரணம் இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது. குறை வீட்டிலும் இல்லை, வீட்டாரிடமும் இல்லை, சாத்திரத்தில் என்றாகிவிடுகிறது.

மதுரை, தேனி வட்டாரங்களில் பரவலாக உள்ள ஒத்தி முறை இந்நெறிகளில் மற்றொரு தரப்பையும் சேர்க்கிறது. பெருந்தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் ஒத்திக்காரருக்கு, வீடு விற்கப்படுவது தம் பணம் திரும்புமா என்னும் கவலையைத் தருவது. ஆகவே அவரிடம் முதலில் சொல்லி, கிரயத் தொகையிலிருந்து ஒத்திப்பணம் தீர்க்கப்படும் என்னும் உறுதியைத் தந்த பின்னரே ஆளை உள்ளே அழைத்துச் செல்வது முறை. இங்கு மரியாதை என்பது உரிமைத் தகவலைப் பகிர்வதாகவும் அமைகிறது.

5. மரியாதையின் மறுபக்கம்

இந்நெறிகளைப் பழம்பண்பாடு என்று மட்டும் போற்றுவது வரலாற்றாய்வுக்குப் பொருந்தாது. விலையை வெளிப்படப் பேசாமை விற்பவரின் மானத்தைக் காப்பதோடு, தரகரின் மறைவு இலாபத்தையும் காக்கிறது. விற்பவரிடம் ஒரு விலையும் வாங்குபவரிடம் வேறொரு விலையும் பேசி இடைத்தொகையைத் தாமே கொள்வதற்கு, இருவரையும் நேரில் பேசவிடாத இதே மரியாதை வாய்ப்பளிக்கிறது. வீட்டிற்குள் விலை பேசலாகாது என்பதால், வீட்டில் வாழும் பெண்கள், பல வேளைகளில் அவர்களே உரிமையாளராக இருந்தும், விலைப்பேச்சுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

இதனினும் கடுமையானது சாதி. தெருக்கள் சாதிவாரியாக அமைந்த ஊர்களில், ஆளை அழைத்து வருமுன் "எந்த ஊர், என்ன ஆட்கள்?" என்று விசாரிப்பது விற்பவருக்குச் செய்யும் மரியாதையாகக் கருதப்படுகிறது. விற்பவருக்குத் தர்மசங்கடம் நேராதபடி, சிலருக்கு வீடு காட்டப்படாமலே போகிறது. எவரும் எவரையும் வாசலில் மறுப்பதில்லை. ஆகவே மறுப்பு நிகழ்ந்ததற்கான தடயமும் இல்லை. மரியாதை விலக்கலின் கருவியாக மாறும் இடம் இது.

6. சட்டம் எட்டிய தொலைவு

குடியேற்ற ஆட்சிச் சட்டங்கள் மேற்கண்ட உறவின் சில பகுதிகளை வரையறுத்தன. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 215, 216ஆம் பிரிவுகள், முகவர் தம் முதல்வர் அறியாமல் தம் சொந்தக் கணக்கில் நடத்திய பேரத்தை முதல்வர் மறுக்கவும் அதன் ஆதாயத்தைக் கோரவும் வழிசெய்கின்றன. 219ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், செயல் முடிந்த பின்னரே முகவருக்கு ஊதியம் சேரும். பலமுறை வீடு காட்டியும் கிரயம் முடியாவிடில் தரகு கேட்பதில்லை என்னும் ஊர்வழக்கம் இதனோடு ஒத்துப்போகிறது.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளைத் தாம் அறிந்திருப்பின் விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அதே பிரிவு, விற்பவர் அறியாததும் மதிப்பைப் பெரிதும் உயர்த்துவதுமான, அவரது உரிமை பற்றிய செய்தியைத் தாம் அறிந்திருப்பின் வாங்குபவரும் சொல்லியாக வேண்டும் என்கிறது. வாசலில் குறை சொல்லாமை என்னும் மரபும் குறையை மறைக்காமை என்னும் சட்டமும் முரண்படுவதுபோல் தோன்றினும் இரண்டும் வேறு வேறு. முன்னது சொல்லும் இடத்தைப் பற்றியது; பின்னது சொல்லும் கடமையைப் பற்றியது. முன்னதைக் காட்டிப் பின்னதைத் தவிர்ப்பதே ஏமாற்று.

2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் முகவர் பதிவைக் கட்டாயமாக்கியது (பிரிவு 9). கணக்கேடு பேணல், பொய்யான உறுதிமொழி தவிர்த்தல் முதலிய கடமைகளையும் விதித்தது (பிரிவு 10). ஆயின் இக்கட்டாயம் மேம்பாட்டாளர் விற்கும் திட்டங்களைச் சார்ந்தது. கம்பத்துத் தெருவொன்றில் ஒரு குடும்பம் தன் பழைய வீட்டை விற்பது பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் இணையத்தில் பார்க்கும் வசதி தரகரின் தகவல் ஆதிக்கத்தைக் குறைத்துள்ளது. எனினும் தலைவாசலைத் தாண்டும் கணத்தை அவ்வசதி தொடவில்லை.

7. முடிவுரை

இடைக்கால விலையாவணம் விற்பனையை ஊரறிய நிறுத்தியது. வீடு காட்டும் மரபு அதனைக் குடும்பத்தின் மானம் கருதி மறைவுக்குக் கொண்டுசென்றது. மாட்டுச்சந்தையின் துண்டும் பெண் பார்க்கும் வீட்டின் நயமான மறுப்பும் இம்மறைவுக்கு வடிவம் தந்தன. பத்திரத்தில் பெயரற்ற தரகர், தம் நம்பகத்தை இந்நெறிகளின் வழியே ஈட்டினார். அவற்றுள் நேரம் கேட்டு வருதல், இசைவு பெற்று உள்நுழைதல், ஒத்திக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லுதல், மறுப்பை நோகாமல் சேர்த்தல் ஆகியன விற்பவரையும் குடியிருப்பவரையும் காப்பவை. விலையை ஒருவருக்கொருவர் அறியவிடாமை, உரிமையுள்ள பெண்ணைப் பேச்சிலிருந்து விலக்குதல், வாங்க வருபவரின் சாதியை விசாரித்தல் ஆகியன மரியாதையின் பெயரால் பிறர் உரிமையைப் பறிப்பவை. இவ்விரு வகையையும் பிரித்தறிவதற்குப் பத்திரப் பதிவுகள் மட்டும் போதா. பதிவுக்கு முந்தைய வாய்மொழி வழக்குகளையும் வட்டாரந்தோறும் தொகுப்பது அடுத்த கட்ட ஆய்வின் பணியாகும்.