மருத்துவ அலட்சியம்: வழக்குத் தொடுப்பது எங்கே, நிரூபிப்பது எப்படி?

மகாராஷ்டிர மாநிலம் ஔரங்காபாத்தில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1963ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெண் ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. மூன்று நாள்களுக்குப் பின் அவருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவரது உடல்நிலை மோசமடைந்தது. மீண்டும் வயிற்றைத் திறந்து பார்த்தபோது, முதல் அறுவை சிகிச்சையின்போது உள்ளேயே விடப்பட்ட துணி கண்டெடுக்கப்பட்டது. அதே மாதம் 24ஆம் தேதி அவர் உயிரிழந்தார்.

குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை மீண்டும் உறுதி செய்தது 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில். மரணத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 32 ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. அரசு மருத்துவமனை ஊழியர்களின் அலட்சியத்துக்கு அரசே பொறுப்பு என்பது இந்த வழக்கில் திட்டவட்டமானது.

சிவில் நீதிமன்றங்களின் இந்த நெடும் பயணத்துக்கு மாற்று வழி திறந்தது, அதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த மற்றொரு தீர்ப்பினால்.

நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவர்

இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவ சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின்படி 'சேவை' ஆகும் என்று தீர்ப்பளித்தது. எல்லா நோயாளிகளுக்கும் முற்றிலும் இலவசமாக சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் இதற்குள் வாரா. ஆனால், சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாக சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை எனில், இலவச நோயாளியும் புகார் அளிக்கலாம். சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றிருந்தாலும் உரிமை மாறாது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை என்பதற்கான விளக்கத்தில் 'மருத்துவம்' என்ற சொல் இடம்பெறவில்லை. இதனால் மருத்துவர்கள் விலக்குப் பெற்றுவிட்டனர் என்ற வாதம் எழுந்தது. அந்த வாதத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தது. 2024 மே மாதம் வழக்கறிஞர் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மறுபரிசீலனைக்கு உரியது என்றது. எனினும், அந்த மறுபரிசீலனை தேவையில்லை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதே ஆண்டு நவம்பரில் முடித்து வைத்தது. ஆக, வழக்கறிஞர் மீது செல்லாத சட்டம் மருத்துவர் மீது செல்லும் என்பதே இன்றைய நிலை.

எந்த ஆணையத்தை அணுகுவது என்பதில்தான் பலரும் குழம்புகின்றனர். கோரும் இழப்பீட்டுத் தொகையை வைத்து இது முடிவாவதில்லை. மருத்துவமனைக்குச் செலுத்திய கட்டணமே அளவுகோல். கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை எனில் மாவட்ட ஆணையம், 2 கோடி ரூபாய் வரை எனில் மாநில ஆணையம், அதற்கு மேல் எனில் தேசிய ஆணையம். மருத்துவமனைக் கட்டணம் பெரும்பாலும் 50 லட்சத்தைத் தாண்டுவதில்லை என்பதால், கோடிக்கணக்கில் இழப்பீடு கோரும் வழக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும்.

சிகிச்சை வேறு மாநிலத்தில் நடந்திருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே மனு அளிக்கலாம். கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை எனில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் மனு அளிக்கலாம். வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் சட்டம் அனுமதிக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

எது அலட்சியம்?

சிகிச்சை தோல்வியடைந்தது என்பதாலோ, நோயாளி உயிரிழந்தார் என்பதாலோ மட்டும் அலட்சியம் நிரூபணமாகிவிடாது. 2021ஆம் ஆண்டுத் தீர்ப்புகளிலும் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதே துறையில் சராசரித் திறன் கொண்ட மருத்துவர் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். இங்கிலாந்தில் 1957ஆம் ஆண்டு போலம் வழக்கில் உருவான இந்தக் கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றுகின்றன. ஏற்கப்பட்ட இரு சிகிச்சை முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த மருத்துவர், மற்றொன்றைச் செய்யவில்லை என்பதற்காகக் குற்றவாளி ஆகமாட்டார்.

மருத்துவர் ஆற்ற வேண்டிய கடமை, அதில் நேர்ந்த தவறு, அந்தத் தவறால் விளைந்த பாதிப்பு ஆகிய மூன்றையும் நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது. மூன்றாவதில்தான் பெரும்பாலான வழக்குகள் தடுமாறும். தவறு நடந்தது உண்மை, ஆனால் மரணம் நோயினால் நேர்ந்தது என்று மருத்துவமனை வாதிட்டால், இரண்டையும் இணைக்கும் சான்று வேண்டும். இதற்குப் பெரும்பாலும் நிபுணர் கருத்து தேவைப்படுகிறது. சக மருத்துவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முன்வருவோர் குறைவு என்பது நோயாளிகள் தரப்பின் நீண்ட கால மனக்குறை. ஆயினும், வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தது போல நிகழ்வே தவறைச் சொல்லும் வழக்குகளில் நிபுணர் தேவையில்லை. ஹைதராபாத்தில் மலேரியா நோயாளிக்கு டைபாய்டுக்கான சிகிச்சை அளிக்கப்பட்ட வழக்கில், எல்லா வழக்குகளிலும் நிபுணர் கருத்தைக் கட்டாயமாக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது.

கையொப்பம் எதற்கு?

அறுவை சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டால் வழக்கே தொடுக்க முடியாது என்பது தவறான எண்ணம். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவருக்குப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. அவர் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்று, கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், வயது வந்த, சுயமாக முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளிக்காக வேறொருவர் ஒப்புதல் அளிக்க முடியாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பரிசோதனைக்கான ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. நோய், சிகிச்சை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்கு விளக்கியிருக்க வேண்டும். இந்தியாவில் மருத்துவ ஒப்புதல் பற்றிய அடிப்படைத் தீர்ப்பு இதுவே. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடோ 25,000 ரூபாய்தான்.

காவல் நிலையம் செல்லலாமா?

செல்லலாம், ஆனால் அங்கு அளவுகோல் கடுமையானது. லூதியானாவில் மூச்சுத்திணறிய நோயாளிக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்ததைத் தொடர்ந்து எழுந்தது ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கு. 2005 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றது. விசாரணை அதிகாரி முதலில் சுதந்திரமான மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும், மருத்துவரை வழக்கமான முறையில் கைது செய்துவிடக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. மருத்துவர் மீதான குற்ற வழக்கு ரத்தானது. சிலிண்டர் இல்லாமைக்கு மருத்துவமனை சிவில் பொறுப்பை ஏற்க நேரலாம் என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. மருத்துவ சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் நேரும் மரணத்துக்கு மட்டும் அது 2 ஆண்டுகள் வரை என்று வரம்பிடப்பட்டுள்ளது.

மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் அளிக்கலாம். மருத்துவரின் பதிவை இடைநிறுத்தவோ நீக்கவோ கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. இழப்பீடு வழங்கும் அதிகாரம் இல்லை.

முதலில் கேட்க வேண்டிய காகிதங்கள்

எந்த வழியில் சென்றாலும் வழக்கின் உயிர்நாடி மருத்துவ ஆவணங்களே. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், செவிலியர் குறிப்புகள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, பரிசோதனை முடிவுகள், ஒப்புதல் படிவம் ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கோரி, அந்தக் கடிதம் பெறப்பட்டதற்கான ஒப்புகையையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களைத் தர மறுத்த மருத்துவமனைகளுக்கு எதிராகவே நுகர்வோர் ஆணையங்கள் முடிவெடுத்த வழக்குகளும் உண்டு.

எவ்வளவு இழப்பீடு?

நிலையான பட்டியல் ஏதும் இல்லை. வருமான இழப்பு, சிகிச்சைச் செலவு, எதிர்காலப் பராமரிப்பு, வேதனை ஆகியவை கணக்கில் கொள்ளப்படுகின்றன. கொல்கத்தாவில் சிகிச்சை பெற்று 1998 மே மாதம் மும்பையில் உயிரிழந்த, அமெரிக்காவில் வசித்த பெண்ணின் வழக்கில் 2013 அக்டோபரில் சுமார் 5.96 கோடி ரூபாயும் 6 சதவீத வட்டியும் வழங்கப்பட்டன. சாலை விபத்து வழக்குகளில் பின்பற்றப்படும் பெருக்கல் கணக்கை மருத்துவ வழக்குகளில் அப்படியே பொருத்த வேண்டியதில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் அப்போது ஏற்றது.

தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கு ஒன்றும் இவ்வரிசையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்ட் 30 அன்று 29ஆவது வாரத்திலேயே, 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பிறந்த சில வாரங்களில் பரிசோதிக்க வேண்டும். அது செய்யப்படவில்லை, பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் வழங்கியது 5 லட்சம் ரூபாய். பணவீக்கத்தையும் கணக்கில் கொண்டு உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியபோது, 2015 ஜூலை 1 அன்று, அந்தக் குழந்தைக்கு வயது 18.